கேட் மெஷினில் மட்டும் பழைய பெயர்

கன்டெய்னர் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கீபோர்டில் அடிக்கிற குரல்தான் அவரைப் பற்றி எனக்கு முதலில் நினைவுக்கு வரும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் யார்டின் வாசலில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதன் ஜன்னலுக்கு வெளியே லாரி உறுமிக்கொண்டு நிற்கும், டிரைவர் சீட்டை நீட்டுவார், உள்ளே இருக்கிறவர் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொல்வார். டிரைவர் பெட்டியின் கதவைப் பார்த்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்த எண். டிரைவர்களுக்கு எரிச்சல் வரும். "இன்னா சார், ஜெபமாலை ஓதிகினு கீறியா?" என்று கிண்டலடிப்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். எல்லாம் அடித்து முடித்து, திரையில் ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் சீட்டைத் திருப்பிக் கொடுப்பார், குறுக்குக் கட்டையைத் தூக்கச் சொல்வார். நாங்கள் எல்லோரும் அவரைக் கேட் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்குத்தான் அவர் குடும்பமும் வரும் என்பதால் நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அவர் எனக்குத் தெரிந்த முகம்.

நான் அந்த யார்டில் டாக்குமென்டேஷன் பிரிவில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை எங்கள் யார்டில் இறக்கி, கஸ்டம்ஸ் வேலை முடிந்ததும் திறந்து, சரக்கை வேறு லாரியில் ஏற்றி அனுப்புவது தொழில். கேட்டில் பதிகிற விவரம் அடுத்த நொடியே ஆபீஸில் எங்கள் திரையில் தெரியும். எந்தப் பெட்டி வந்திருக்கிறது, யாருடையது, உள்ளே என்ன, மருந்து அடித்த பெட்டியா இல்லையா என்று எல்லாம் வரும். மருந்து அடிப்பது என்றால் பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டிக்குள் விஷப் புகை விட்டு மூடிவிடுவது. அப்படி வருகிற பெட்டியின் கதவைத் திறந்து போட்டு, காற்றோட விட்டு, சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். கதவில் மண்டை ஓட்டுப் படம் போட்ட காகிதம் ஒட்டியிருக்கும். கடல் காற்றிலும் மழையிலும் அது உரிந்து போய்விடுவதும் உண்டு. அதனால்தான் கேட் பதிவில் அதற்கென்று ஒரு தனிக் கட்டம் வைத்திருந்தார்கள். கேட் அண்ணன் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது மட்டும் குரலை உயர்த்துவார்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்தவர் சிஸ்டம் சார். ஒல்லியாக, எப்போதும் சட்டைப்பையில் ஒரு ஸ்குரூ டிரைவரோடு திரிகிற மனிதர். தண்டையார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்து, அங்கிருந்து எங்களிடம் வந்தவர். கேட்டிலும் யார்டிலும் இருந்த பழைய மெஷின்களில் காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளம் ஒன்றைப் போட்டிருந்தார். அதை உலகம் பூராவும் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள், யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும், ஏதோ அவர்களோடு இவரும் பந்தியில் உட்கார்ந்தவர் போல. ஆபீஸில் இருக்கும் பெரிய மெஷினின் ஒரு ஃபோல்டரைக் கேட் மெஷினில் இருக்கும் ஃபோல்டர் போலவே காட்டுவதற்கு அந்த இயங்குதளத்தில் ஒரு பகுதி உண்டு. கேட் அண்ணன் தன் மெஷினில் சேமிப்பதாக நினைத்துச் சேமிப்பார், அது எங்கள் மெஷினில் வந்து உட்காரும். நடுவில் கம்பி ஓடுகிறது என்பதே தெரியாது.

அந்தப் பகுதிக்குத்தான் பெயர் மாறியது. பழையதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை வேறு பெயரில் எழுதியிருந்தார்கள். கொஞ்ச காலம் இரண்டும் இருந்தன. பிறகு பழைய பெயரை எடுத்துவிடப் போகிறோம், எல்லோரும் புதிய பெயருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி எடுத்துவிட்டார்கள். சிஸ்டம் சார் இதையெல்லாம் அவர்களுடைய மடல்களில் படித்துவிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு விளக்குவார். எனக்குப் புரியவில்லை என்றதும், "பஸ்ஸு அதேதான்மா, அதே ரோடு, அதே டிரைவரு. நம்பர் மட்டும் மாத்திட்டாங்க. எல்லா ஸ்டாப்லயும் புது நம்பர எழுதி வச்சிட்டா போதும், ஒரு ஸ்டாப்ல எழுதாம வுட்டா அங்க நிக்கிறவன் நின்னுகினே இருப்பான்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன்.

அவர் யார்டு மெஷின்களில் எல்லாம் புதிய இயங்குதளத்தை ஏற்றி, பெயரையும் மாற்றினார். கேட் மெஷினில் மட்டும் பாதிதான் முடிந்தது. புதியதை ஏற்றிவிட்டார். பெயரை எழுதி, ஒரு முறை அணைத்துப் போட்டு, சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. கேட் மெஷினை அணைக்கக் கூடாது என்பது எங்கள் யார்டில் எழுதாத சட்டம். அணைத்தால் வரிசை நெடுஞ்சாலைக்குப் போகும், போலீஸ்காரர் வருவார், மேனேஜர் கத்துவார். "அப்புறமா பண்ணிக்கலாம் சார், இப்ப பேஜாரு பண்ணாதீங்க" என்று டிரைவர்கள்தான் அவரைத் துரத்தினார்கள். ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் தன் ஞாபகத்தில் இருக்கிற பழையதை வைத்தே ஓடிக்கொண்டிருக்கும் என்று பின்னால் அவர் எனக்குச் சொன்னார். அணைத்துப் போடுகிற அன்றைக்குத்தான் பழைய பெயரைத் தேடும், அது இல்லை என்று தெரியும். அந்த நாள் பல மாதம் கழித்து, மழைக்காலத்தில் வந்தது.

மாதத்தின் முதல் தேதி. இரவெல்லாம் மழை, எண்ணூர் பக்கம் ஏதோ கம்பி அறுந்து கரண்ட் போயிருந்தது. கேட் அறையில் இருந்த பேட்டரியும் தீர்ந்து மெஷின் அணைந்துவிட்டது. காலையில் கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பியது. பழைய பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை, ஆபீஸ் ஃபோல்டர் ஒட்டவில்லை. அதைச் சொல்லும் ஒரு வரி திரையில் மற்ற வரிகளோடு ஓடி மறைந்திருக்கும், யார் பார்ப்பார்கள்? கேட் அண்ணன் வந்து உட்கார்ந்தார். எப்போதும் திறக்கிற அதே திரை திறந்தது. அதில் பழைய பதிவு ஒன்றுமில்லை. வேறு தேதியாக இருந்தால் அவர் அந்த நிமிஷமே சிஸ்டம் சாருக்குப் போன் போட்டிருப்பார். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் போன மாதப் பதிவுகளையெல்லாம் சிஸ்டம் சார் வேறு இடத்துக்கு நகர்த்திவிடுவார், திரை வெறுமையாகத்தான் இருக்கும். அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. வந்த லாரிகளை வழக்கம்போல ஓதி ஓதி உள்ளே விட்டார்.

எங்கள் திரையில் எதுவும் வரவில்லை. மழை, லாரி வரவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். யார்டில் கிரேன்காரர்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சரக்குக்காரர் ஒருவர் பருப்பு மூட்டை உடனே வேண்டும் என்று மேனேஜரின் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் யார்டுக்குப் போன் செய்து பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றார்கள். பதிவைப் பார்க்காமல், எண்ணை மட்டும் சொல்லித் திறக்கச் சொல்லிவிட்டார். கதவில் ஒட்டியிருந்த மண்டை ஓட்டுக் காகிதம் மழையில் எங்கேயோ போயிருந்தது. சுமை ஆட்கள் இரண்டு பேர் உள்ளே ஏறினார்கள். ஒருவர் வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் வாந்தி எடுத்துக்கொண்டே வெளியே விழுந்தார். இன்னொருவர் மூட்டைகளின் மேல் ஏறி உள்பக்கம் போயிருந்தார். அவரை இழுத்து வெளியே போடும்போது நான் ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்தேன். மழையில் முகத்தின் மேல் ஒரு கோணியைப் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

அவர் கேட் அண்ணனுடைய சொந்த அக்காவின் புருஷன். மீன்பிடி விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவரை, "கடல நம்பி எத்தன நாளு மாமா? எங்க யார்டுக்கு வா" என்று சொல்லி அந்த வேலையில் சேர்த்துவிட்டதே கேட் அண்ணன்தான்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நடந்த இடம் மேனேஜரின் அறை, விசாரித்தவர் மேனேஜர். விபத்து நடந்த அன்று காலையிலேயே யார்டில் ஒருவர் கேட் பதிவு வரவில்லை என்று சொல்ல, சிஸ்டம் சார் தன் இடத்தில் இருந்தபடியே கம்பி வழியாகக் கேட் மெஷினைப் பார்த்து, ஃபோல்டர் ஒட்டவில்லை என்று கண்டு, புதிய பெயரை எழுதி ஒட்டவைத்திருந்தார். அப்போது அவருக்கு விபத்து பற்றித் தெரியாது. ஃபோல்டர் ஒட்டவில்லையென்றால் கேட் புரோகிராம் எதையும் சேமிக்காது, தகராறு என்று திரையில் காட்டும் என்றுதான் அவர் நம்பியிருந்தார். அந்தப் புரோகிராமை எழுதியது வேறு யாரோ. மேனேஜர் கேட்டபோது ஆபீஸ் மெஷினைத் திறந்து காட்டினார். அன்று காலைக்கு ஒரு பதிவும் இல்லை. கேட் மெஷினைத் திறந்தார்கள். அங்கேயும் இல்லை. இருக்காது, அதில் தெரிவதும் ஆபீஸ் ஃபோல்டர்தானே. மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. மழையில் வரிசை நீண்டதும், மெஷின் வராததும் ஒரு சாக்காகப் போய், பதிவே செய்யாமல் கட்டையைத் தூக்கி லாரிகளை விட்டுவிட்டான் என்று முடிவு செய்தார். இன்னொரு ஷிப்ட் ஆள் அப்படிச் செய்து முன்பு ஒரு தடவை மாட்டியிருந்தான். அதனால் எல்லோருக்கும் அது நடக்கக்கூடிய கதையாகவே தெரிந்தது.

"நான் அடிச்சேன் சார். மருந்துன்னு கட்டத்துல போட்டேன். டிரைவரு திருப்பி சொன்னான் சார்" என்று கேட் அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த டிரைவரைத் தேடிப் பிடிக்க யாரும் முயலவில்லை. சிஸ்டம் சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரும் அன்று கேட் அண்ணனை நம்பவில்லை என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். அடித்திருந்தால் எங்கேயாவது இருக்க வேண்டுமே என்று என்னிடமே சொன்னார். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், நான் கேட் அண்ணனை நம்பினேன். ஆனால் கோயிலில் பார்த்த முகம் என்பதைத் தவிர என்னிடம் காரணம் எதுவுமில்லை. டைப் அடிக்கிற பெண்ணிடம் யாரும் கேட்கவுமில்லை.

வேலை போனதைவிட அக்கா வீட்டுக் கதவு மூடியதுதான் அவரை உடைத்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் நடுவில் அவள் எழுந்து நின்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அடிச்சேன் அடிச்சேன்னு சொல்றியே, அடிச்சது எங்கடா போச்சு? கடல்லயா போச்சு? ஒரு பொய்ய சொல்லிகினு எங்க வூட்டு சோறு துன்ன வராத." அடக்கத்துக்கு அவரைக் கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்குள் விடவில்லை. வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார்.

அக்காவும் தம்பியும் தாய் தகப்பன் இல்லாதவர்கள். அக்காதான் மீன் ஏலக் கூடத்தில் நின்று அவரைப் படிக்க வைத்தவள். அவள் பேசாமல் இருந்த மாதங்களில் அவர் எங்கள் தெருக்களில் சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் யாரைக் கண்டாலும் அந்தக் காலையை முதலிலிருந்து சொல்வார். எந்த லாரி முதலில் வந்தது, எந்த டிரைவர் தலையில் துண்டு போட்டிருந்தான், தான் என்ன சொன்னேன் என்று விவரமாகச் சொல்வார். கேட்கிறவர்கள் பரிதாபமாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பதில் அவரைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது குறைந்தது. பிறகு, "ஒருவேள அடிக்கலியோ என்னவோம்மா, மழை வேற" என்று என்னிடம் ஒரு நாள் மீன் மார்க்கெட் ஓரத்தில் வைத்துச் சொன்னார். "நீங்க அடிச்சேன்னு சொன்னீங்களேண்ணே" என்றேன். "சொன்னேன், எல்லாரும் இல்லன்றாங்களே. இம்மாந் பேரு சொல்றது பொய்யா?" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர் முழங்காலிட்டிருப்பதைப் பார்த்தேன். வெகு நேரம் இருந்தார். வெளியே வந்தவர் நேராக அக்கா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய், அத்தனை பேர் பார்க்க அவள் காலடியில் உட்கார்ந்தார். நான் இரண்டு பெஞ்சு பின்னால். அவர் சொன்னது முழுவதும் எனக்குக் கேட்டது. "அக்கா, நான் அடிக்கல. மழைக்கு சோம்பல் பட்டுகினு கட்டைய தூக்கிட்டேன். பயந்துகினு பொய் சொன்னேன். மாமா என்னாலதான் போச்சு. என்ன மன்னிச்சிடு." அவள் அவரைப் பார்க்கவேயில்லை, பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "வூட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஈஸ்டருக்கு அவர்கள் இருவரும் ஒன்றாகப் பூசைக்கு வந்தார்கள். கோயிலே அதைப் பேசியது. நான்கூட, சரி, பயத்தில் பொய் சொன்னவர்தான் போலிருக்கிறது, மனுஷன்தானே என்று நினைத்துவிட்டேன்.

அதற்கடுத்த வருஷம் யார்டில் எல்லா மெஷின்களையும் மாற்றினார்கள். கேட் மெஷினைக் கழற்றிக் கொண்டுவந்து சிஸ்டம் சார் என் அறைக்குப் பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். விற்பதற்கு முன் அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். ஆபீஸ் ஃபோல்டரைப் பிரித்துவிட்டார். பிரித்தபின் அந்த இடத்தில் வெறும் ஃபோல்டர்தான் இருக்க வேண்டும். இல்லை. உள்ளே பதிவுகள் இருந்தன, ஒரே ஒரு நாளின் காலைப் பதிவுகள். அவர் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்தில், மனுஷனுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டதோ என்று ஓடினேன். திரையில் அந்தப் பெட்டியின் எண் இருந்தது. மருந்து என்ற கட்டம் நிரப்பப்பட்டிருந்தது.

"தரைல பொருள வச்சிட்டு அதும் மேல பாய விரிச்சா தெரியுமாம்மா?" என்றார். பெயர் மாறியதால் ஃபோல்டர் ஒட்டாத அந்தக் காலையில், புரோகிராம் தகராறு எதுவும் காட்டாமல் அடியில் இருந்த வெறும் ஃபோல்டரிலேயே எல்லாவற்றையும் சேமித்திருக்கிறது. அப்புறம் இவரே புதிய பெயரை எழுதி ஆபீஸ் ஃபோல்டரை அதன் மேல் விரித்துவிட்டார். விசாரணையில் எல்லோரும் பார்த்தது பாயை. கேட் அண்ணன் அடித்தது அடியிலேயே கிடந்தது. சிஸ்டம் சார் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை அழித்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அழிக்கவில்லை, அந்த ஒரு காரணத்துக்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

மேனேஜரிடம் போனார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடிந்துபோன விஷயம், அவனே ஒப்புக்கொண்டுவிட்டான், நீங்கள் எதற்கு உங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். பதிவைப் பார்க்காமல் பெட்டியைத் திறக்கச் சொன்ன வாய் அது. சிஸ்டம் சார் அந்த இயங்குதளத்தை எழுதுகிறவர்களுக்கும் ஒரு மடல் எழுதினார். எந்த ஊர், யார் செத்தார் என்றெல்லாம் எழுதவில்லை. பெயர் மாறியதால் ஒட்டாமல் போனால் அடியில் இருக்கும் ஃபோல்டர் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறதே, இது ஆபத்தில்லையா என்று கேட்டிருந்தார். மரியாதையாகப் பதில் வந்தது. ஆதியிலிருந்தே அது அப்படித்தான், அடி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வைப்பது நிர்வாகிப்பவரின் பொறுப்பு, பெயர் மாற்றத்தைப் பற்றிப் போதிய காலம் முன்பே எச்சரித்திருந்தோம். எல்லாமே நியாயமான பேச்சு. அவர் அதை என்னிடம் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு, "அவங்க சொல்றது கரெக்டுதான்மா" என்றார். அந்தக் கரெக்டைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கேட் அண்ணன் அப்போது மாதவரத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நாங்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பஸ் பிடித்துப் போனோம். சிஸ்டம் சார் அந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்து மடிக்காமல் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். டயர்கள் அடுக்கிய இடத்தில் பெஞ்சு போட்டு எங்களை உட்கார வைத்தார், டீ சொன்னார். சிஸ்டம் சார் டீயைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார், தன் தப்பையும் சேர்த்து. பெயரை நான்தான் மாற்றாமல் விட்டேன், நீ பொய் சொல்லவில்லை, நீ அடித்தது இதோ இருக்கிறது என்று காகிதத்தைக் கொடுத்தார்.

கேட் அண்ணன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணைப் பாதிவரை சொன்னார், நிறுத்திக்கொண்டார்.

"இது நான் அடிச்சது இல்ல சார்."

"உன் மெஷின்ல உன் பேர்லதான்யா கீது. அன்னிக்கு கேட்ல வேற யாரு?"

"இல்ல சார். எனக்கு நல்லா ஞாபகம் கீது. மழை கொட்டிகினு இருந்துச்சு. பெரிய லைனு. கட்டைய தூக்கி வுட்டேன், கை ஈரம்கூட ஞாபகம் கீது. நான் அடிக்கல."

சிஸ்டம் சார் என்னைப் பார்த்தார். நான் கேட் அண்ணனைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தக் காலையை மற்றவர்கள் சொன்னபடியே மனதில் ஓட்டி ஓட்டி, அதுவே அவருக்கு நடந்ததாக ஆகியிருந்தது. சிஸ்டம் சார் விடவில்லை, நேரம் போட்டிருக்கிறது பார், மருந்து என்று போட்டிருக்கிறது பார் என்று காகிதத்தில் விரலை வைத்து வைத்துக் காட்டினார். கடைசியில் கேட் அண்ணன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"சார், சரி, நான்தான் அடிச்சேன்னே வச்சிக்குவோம். எங்கக்கா என்ன மன்னிச்சிச்சு. அது எம்மாந் கஷ்டப்பட்டு மன்னிச்சிச்சின்னு உங்களுக்கு தெரியாது. நான் தப்பே பண்ணலன்னா அது எத மன்னிச்சிச்சு? நான் சாமிகிட்ட முட்டி போட்டு சொன்னது இன்னாவாவும்? இப்ப நீங்க போய் இத காட்டுனா அது மறுக்கா முதல்லேந்து ஆரம்பிக்கணும். உங்க மேல கோவப்படணும், மேனேஜரு மேல, கடல் தாண்டி கீறாங்களே அவங்க மேல. அம்மாந் தெம்பு அதுக்கு இல்ல. என் மேல பட்டுச்சு, முடிச்சிடுச்சு. வுட்டுடுங்க சார்."

எனக்குக் கோபம் வந்தது. புருஷன் எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இல்லையா, உண்மை தெரிந்தால் யார்டுக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமே என்று கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இழுத்து? மாமா வந்துடுமா?" என்றார். பிறகு, நாங்கள் அக்காவிடம் வாய் திறக்கக் கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினார். காகிதத்தை அவர் திருப்பித் தரவில்லை. என்ன செய்தார் என்று நான் கேட்டதுமில்லை.

திரும்பி வரும்போது மூலக்கடை தாண்டியதும் சிஸ்டம் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் அவர் போனார், அது அவருக்குக் கிடைக்கவில்லை. தப்பு செய்யாதவர் அதை ஏற்கனவே வாங்கி வைத்திருந்தார். சில வாரங்களில் வேலையை விட்டுவிட்டார். காட்டுப்பள்ளிப் பக்கம் கடை வைத்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், வெளியூர் போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். நானும் கல்யாணம் ஆகி யார்டை விட்டேன், ராயபுரத்தை விடவில்லை.

எத்தனையோ கல்லறைத் திருநாள் வந்து போனது. ஒவ்வொன்றிலும் அக்காவும் தம்பியும் சேர்ந்து வந்து அந்தக் கல்லறையைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவர் முதலில் மண்டியிட்டு, கல்லில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருப்பார். அவள் அவர் முதுகில் தட்டிக் கொடுப்பாள். நான் எங்கள் அப்பா கல்லறையில் பூ வைப்பது போலக் குனிந்துகொள்வேன். என்னைப் பார்த்தால் கேட் அண்ணன் லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அவருக்கு உண்மை தெரிந்திருந்ததா, இல்லை நிஜமாகவே நம்பிவிட்டாரா என்று என்னால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கத் துணிந்ததுமில்லை.

போன வருஷம் அவர் இறந்துபோனார். சிறுநீரகம் கெட்டுப்போய், படுத்த படுக்கையாக இருந்தார். அக்காதான் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவரைத் தன் புருஷனுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்து, பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். மண் போட்டு முடிந்து எல்லோரும் கலையும்போது அவள் நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வயதாகிவிட்டது, கை காற்று போல லேசாக இருந்தது.

"என் தம்பி மாதிரி ஒருத்தன் பொறக்க மாட்டாம்மா" என்றாள். "வாழ்க்கைல ஒரே ஒரு தப்புதான் பண்ணான். அதையும் நான் மன்னிச்சிட்டேன். அந்த நிம்மதியோடதான் போயிருக்கான், இல்ல?"

கேட்டவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாக்கா" என்றேன்.